மெதுவாகக் கேட்கிற மாத்திரை

எங்கள் மெடிக்கலுக்கு வருகிறவர்கள் சர்க்கரை மாத்திரையைச் சத்தமாகவே கேட்பார்கள். பிரஷர் மாத்திரைக்குச் சீட்டுகூட எடுத்து வரமாட்டார்கள். காலி அட்டையை நீட்டி, "இதே பத்து குடுங்கக்கா" என்பார்கள். மனநல மருத்துவர் எழுதிய சீட்டு மட்டும் நாலாக மடிந்து வரும். கொண்டுவந்தவர் கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றிருப்பார். கடைசியில் கண்ணாடி மேஜை மேல் அதைப் பிரித்து வைத்து, "இதுல நரம்பு மாத்திரை எதுக்கா, தூக்க மாத்திரை எது?" என்று மெதுவாகக் கேட்பார்.

சீட்டில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் இருக்கும். ஒன்று எஸ்சிட்டலோபிராம், அல்லது செர்ட்ராலின், அல்லது ஃப்ளூவாக்செடின். எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகையைச் சேர்ந்த மனச்சோர்வு மருந்துகள் இவை. பதற்ற நோய்க்கும் இவைதான். இன்னொன்று குளோனசிபாம், அரை மில்லிகிராம். அதைத்தான் எல்லோரும் 'சின்ன மாத்திரை' என்பார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்த மாத்திரையும் நம் நாட்டில் நிறைய விற்கிறது.

சின்னது போட்ட ஒரு மணி நேரத்தில் கேட்கும். படபடப்பு அடங்கும், தூக்கம் வரும். மற்றது கேட்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை குமட்டலும் தலைவலியும்தான் தெரியும். அதனால் பதினைந்து நாள் கழித்து வருகிறவர்களில் பலர், "சின்னது மட்டும் போதும்க்கா, பெருசு ஒத்துக்கல" என்பார்கள். நோயைத் தணிக்க எழுதியது அந்தப் பெரியது. அது வேலை செய்யத் தொடங்கும்வரை தாக்குப்பிடிக்கச் சில வாரங்களுக்கு எழுதியது சின்னது. மாதக்கணக்கில் போட்டால் உடம்பு பழகிப்போய், அளவு கூட்டினால்தான் தூக்கம் என்று ஆவதும் அந்தச் சின்னதுதான். விட வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, பிடிக்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பேருந்து நிலையத்தை ஒட்டி நானும் என் வீட்டுக்காரரும் இந்தக் கடையை நடத்துகிறோம். மருந்தாளுநர் வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராமைத் தினமும் இரவில் நானும் போடுகிறேன். மேஜையின் இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்கு உறுதியானது ஒன்று உண்டு. இந்த மாத்திரையை ஆரம்பிக்கிற முதல் மாதத்திலும், நிறுத்துகிற கடைசி மாதங்களிலும்தான் ஆளுக்குத் துணை வேண்டும். அந்த இரண்டு இடத்திலும்தான் நாம் ஆளைத் தனியாக விட்டுவிடுகிறோம்.

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கடைத்தெருவே மூடிக்கிடக்க, மெடிக்கல் மட்டும் திறந்திருந்தது. ஆக்சிமீட்டர் கிடைக்குமா என்று அழுதவர்கள், சீட்டில் உள்ள ஊசிக்காக மதுரை வரை அலைந்துவிட்டு வந்து நின்றவர்கள் என்று எல்லோரும் எங்கள் கடை வாசலில்தான். அந்த வருடம் மாமனாரும் போய்ச் சேர்ந்தார். அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் அடங்கி, ஊர் பழையபடி ஆன பிறகு வந்தது.

நடுராத்திரியில் முழிப்புத் தட்டும். நெஞ்சு அடைக்கும், உள்ளங்கை ஜில்லிட்டுப் போகும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாரடைப்பு என்றே நினைப்பேன். பகலில் வேறு விதம். காலாவதித் தேதியைப் பார்த்துத்தான் மாத்திரை கொடுப்பேன். கொடுத்த பிறகு சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து, தெரு முனை வரை போனவரைக் கூப்பிட்டு மறுபடியும் பார்ப்பேன். மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த செய்தி வந்தபோது சிரித்தேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஈசிஜி, எக்கோ, தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாமே சரியாக இருந்தன. மாமியார் மிளகாய் வற்றலும் உப்பும் சுற்றிப் போட்டார். பள்ளிவாசலுக்குப் போய்த் தண்ணீர் ஓதி வாங்கிவந்தார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பல ராத்திரிகள் தூங்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

மனநல மருத்துவரைப் பார்க்க மதுரைக்குப் போனேன். அந்த டாக்டர் தூக்கம், பசி, சாகலாம் போல் எண்ணம் வருகிறதா என்பதையெல்லாம் கேட்டுவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றையும் கேட்டார். எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, விடாமல் பேசி, கண்டபடி செலவு செய்து திரிந்த காலம் உண்டா? வீட்டில் யாருக்காவது அப்படி இருந்ததா? இருதுருவ மனநோய் உள்ளவருக்கு இந்த மருந்தை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மனம் எதிர்ப்பக்கம் எகிறிவிடும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதப்படும் சீட்டு எனக்குக் கவலை தருகிறது. உங்களிடம் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

5 மில்லிகிராமில் ஆரம்பித்தார். முதல் நாலைந்து நாள் காலையில் பல் விளக்கும்போதே குமட்டியது. வயிறு இளகியது. தூக்கமே வராதபோதும் கொட்டாவி வந்துகொண்டே இருந்தது. கொட்டாவியும் இந்த மருந்தின் பக்கவிளைவுதான் என்பது பலருக்குத் தெரியாது. இரவில் பனியன் நனைகிற அளவுக்கு வியர்ப்பதாகச் சொல்லும் வாடிக்கையாளர்களும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது, படபடப்பு குறைவதற்கு முன் கொஞ்சம் கூடியதுதான். பதற்ற நோய் உள்ளவர்களுக்கு இது சகஜம். பாதி அளவில் தொடங்குவதே அதனால்தான். டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "முதல் வாரம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். பயந்து நிறுத்திடாதீங்க. முடியலன்னா போன் பண்ணுங்க." அந்த வாரத்தை நான் கடந்தது இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் கூட்டம் நிரம்பிய வெளிநோயாளர் பிரிவில் அந்த ஒரு நிமிடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் முதல் வாரங்களில் இன்னும் கவனம் தேவை. ஒரு சிலருக்குத் தற்கொலை எண்ணம் இந்தக் கட்டத்தில் தலைதூக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் மருந்தின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட வைத்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. மருந்தே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. பிள்ளை நிலைகொள்ளாமல் தவித்தாலோ, எரிந்து விழுந்தாலோ, ஒதுங்கிப் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரை போடும் கல்லூரிப் பிள்ளைகள் கடைக்கு வரும்போது, நம்பிக்கையான ஒரே ஒரு ஆளிடமாவது சொல்லி வை தம்பி என்று நான் கேட்டுக்கொள்வது அதனால்தான்.

எனக்கு முதலில் திரும்பி வந்தது தூக்கம். பிறகு பசி. மனசு கடைசியில்தான் வந்தது. மாற்றத்தைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை, என் வீட்டுக்காரர். "நேத்து ராத்திரி நீ எந்திரிக்கவே இல்லயே" என்றார். அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். கடையிலும் யாரையும் திரும்பக் கூப்பிட்டுத் தேதி பார்க்கவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? செரோட்டோனின் என்ற வேதிப்பொருளை 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். உடம்பில் உள்ள செரோட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது. மாத்திரை முதலில் வயிற்றைப் பிரட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். மூளையில் ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்ல இதைச் சுரக்கிறது. சேதி போனதும் சுரந்ததைத் திரும்ப உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. எஸ்எஸ்ஆர்ஐ அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே இது நடந்துவிடும். ஆனால் வெளியே செரோட்டோனின் கூடியதை உணரும் செல், சுரப்பதைத் தானே மட்டுப்படுத்துகிறது. அந்தக் கடிவாளம் தளர வாரங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகுதான் பலன் தெரிகிறது என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம்.

"மூளையில் செரோட்டோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது" என்று சொல்வது எளிது. கடையில் யாராவது கேட்டால் நான் அப்படிச் சொல்வதில்லை. 2022இல் லண்டனைச் சேர்ந்த ஜோனா மான்கிரீஃப் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செரோட்டோனின் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு நிலையான ஆதாரம் இல்லை என்றார்கள். செய்தித்தாளில் அது வந்த சமயம் சிலர் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள். நோய் எதனால் வருகிறது என்பது ஒரு கேள்வி. மருந்து கேட்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு 2018இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரியா சிப்ரியானி குழுவினர் விடை தேடினார்கள். 522 சோதனைகள், ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள், 21 மருந்துகள். இருபத்தொன்றும் வெற்று மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தன. சராசரியாகப் பார்த்தால் அந்த வித்தியாசம் மிகப் பெரியதில்லை. 2006இல் முடிவுகள் வெளியான ஸ்டார்-டி என்ற அமெரிக்க ஆய்வில், முதல் மருந்தாகச் சிட்டலோபிராம் எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் நோய்க்குறிகள் முழுக்க விலகின. மற்றவர்களுக்கு அளவு கூட்ட வேண்டும், வேறு மருந்து பார்க்க வேண்டும், பேச்சு வழிச் சிகிச்சை சேர்க்க வேண்டும். முதல் மாத்திரை கேட்கவில்லை என்றால் உங்களுக்கு விமோசனமே இல்லை என்று ஆகிவிடாது.

எனக்கு மருந்தோடு சேர்த்து ஓர் ஆலோசகரிடமும் சில மாதம் போகும் வாய்ப்பு இருந்தது. நடுராத்திரிப் பயத்தை விரட்டாமல், அது ஏறி இறங்கும்வரை உட்கார்ந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். எங்கள் மாதிரி ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பதே அரிது. மாத்திரை கிடைக்கும் அளவுக்கு, உட்கார்ந்து கேட்க ஆள் கிடைப்பதில்லை.

எஸ்எஸ்ஆர்ஐ வகைக்கு முன்பு அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்றவைதான் இருந்தன. அவையும் கேட்கும், ஆனால் வாய் வறட்சி, மலச்சிக்கல் கடுமையாக இருக்கும். அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத்தைப் பிடித்துவிடும். மனச்சோர்வில் இருப்பவர் கையில் கொடுக்கும் மருந்துக்கு இது பெரிய அபாயம். எஸ்எஸ்ஆர்ஐ வகையில் முதலில் கடைக்கு வந்த சிமெலிடின், நரம்புகளைப் பாதித்ததால் 1983லேயே திரும்பப் பெறப்பட்டது. எலை லில்லி நிறுவனத்தில் பிரையன் மொல்லாய், டேவிட் வாங், ரே ஃபுல்லர் ஆகியோர் 1970களில் உருவாக்கிய ஃப்ளூவாக்செடினுக்கு 1987 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றைக்கு நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுப்பதில் அதுவும் ஒன்று.

பக்கவிளைவுகளில் வாய்விட்டுச் சொல்லாத இரண்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஒன்று தாம்பத்தியம். நாட்டம் குறைவது, உச்சம் வரத் தாமதமாவது அல்லது வராமலே போவது. இந்த மருந்துகளில் இது மிகச் சாதாரணம். ஆண்கள் இதை டாக்டரிடம் சொல்வதற்குப் பதிலாக மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். பெண்கள் அதைக்கூடச் செய்யாமல் சகித்துக்கொள்வார்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். டாக்டருக்கு இது புதிய விஷயம் இல்லை, கூச்சப்படாமல் சொல்லலாம். இன்னொன்று, உணர்ச்சி மழுங்குவது. டாக்டர் எனக்கு அளவை ஒரு சமயம் 15 மில்லிகிராமுக்கு ஏற்றியிருந்தார். அப்போது என்னை வளர்த்த சித்தி இறந்துபோனாள். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். எனக்குத் தொண்டைகூட அடைக்கவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். சித்திக்காக அழ முடியாதது எனக்குப் பயத்தைவிடப் பெரிய வேதனையாக இருந்தது. அடுத்த முறை போனபோது டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். 10க்கு இறக்கினார். காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அவள் கொடுத்த சுங்குடிச் சேலையைப் பீரோவில் பார்த்தபோது அழுகை வந்தது.

மருந்துக்கடைக்காரியாக நான் கவனிக்கும் விஷயங்கள் சில உண்டு. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வாங்குபவரும், இதய நோய்க்கு ஆஸ்பிரின் போடுபவரும் எஸ்எஸ்ஆர்ஐயும் எடுத்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். டிராமடால் என்ற வலி மாத்திரையும், சில இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் இதோடு சேரும்போது செரோட்டோனின் அளவு மீறிப் போய்க் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் உண்டாகலாம். அரிதுதான் என்றாலும் ஆபத்தானது. வயதானவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கலாம். "அப்பா ரெண்டு நாளா சம்பந்தமில்லாம பேசுறாரு" என்று ஒரு மகன் வந்து சொன்னால், புதிதாக இந்த மாத்திரை ஆரம்பித்தாரா என்று கேட்டுவிட்டு உடனே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவேன். கர்ப்பமானது தெரிந்ததும் பயந்துபோய்த் தாங்களாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டரோடு உட்கார்ந்து பேசித்தான்.

மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகிதக் கவரில் 'காலை, இரவு' என்று பேனாவால் எழுதுவது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். இந்த மருந்துக்கு மட்டும் நான் நான்காவது வாரத்தின் தேதியையும் சேர்த்து எழுதுகிறேன். "இந்தத் தேதி வரைக்கும் பலன் தெரியலன்னு விட்டுறாதீங்க. ஒத்துக்கலன்னா நீங்களா நிறுத்தாம டாக்டர்ட்ட போங்க, இல்ல எனக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லிக் கொடுக்கிறேன். போன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "இப்படி இருக்குமாக்கா?" இருக்கும் என்று சொன்னாலே அவர்களுக்குப் பாதி தெம்பு வந்துவிடுகிறது.

நிறுத்துவது இதைவிடச் சிக்கல். எங்களிடம் வாங்கும் ஒரு வேன் டிரைவர் செர்ட்ராலின் எடுத்து நன்றாகத் தேறியிருந்தார். "நல்லாயிட்டேன், இனி எதுக்கு" என்று ஒரே நாளில் விட்டுவிட்டார். நாலு நாள் கழித்து வந்தார். "கண்ணத் திருப்பினா தலைக்குள்ள சுளீர்னு கரண்ட் அடிக்குதுக்கா. ஸ்டியரிங்க புடிக்கவே பயமா இருக்கு. நோவு திரும்பிருச்சு போல" என்றார். நோய் திரும்பவில்லை. திடீரென்று நிறுத்தினால் வரும் விளைவு அது. தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல், விசித்திரமான கனவுகள் எல்லாம் நிறுத்திய சில நாட்களுக்குள் தொடங்கும். நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து, முன்பு வந்த மாதிரியே மெல்ல வரும். வண்டியை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லி அவரை டாக்டரிடம் அனுப்பினோம். மறுபடியும் ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைத்தார்கள்.

அப்படியானால் இது அடிமையாக்கும் மாத்திரையா? போதைப்பொருள் போல மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கையை இது உண்டாக்காது. ஆனால் உடம்பு இதற்குப் பழகுகிறது. அவசரமாக விலக்கினால் எதிர்ப்புக் காட்டும். பராக்செடின் போன்று உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுபவற்றில் இந்தத் தொந்தரவு அதிகம். வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் ஃப்ளூவாக்செடினில் குறைவு. 2019இல் மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் ஆகியோர் லான்செட் சைக்கியாட்ரி இதழில் எழுதியது இதில் பலருக்கும் உதவியிருக்கிறது. மருந்தின் அளவும் மூளையில் அதன் தாக்கமும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. 20இலிருந்து 10க்கு இறங்கும்போது தாக்கம் கொஞ்சம்தான் குறையும். 5இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போது ஒரேயடியாக விழும். மேல்படிகள் தாழ்வாகவும் கடைசிப் படி ஆள் உயரத்துக்கும் உள்ள மாடியிலிருந்து இறங்குவது போல. அந்தக் கடைசிப் படியைச் சின்னச் சின்னப் படிகளாக உடைக்க வேண்டும். நாள் விட்டு நாள் போடுவது அதற்கு வழியல்ல. உடம்பில் உள்ள எஸ்சிட்டலோபிராம் ஒரு நாளுக்குச் சற்று மேல் ஆனதுமே பாதியாகிவிடும். ஒருநாள் ஏற்றம், ஒருநாள் இறக்கம் என்று உடம்பு அலைக்கழியும்.

முதல் முறை மனச்சோர்வு வந்தவர்கள் நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு வருடக்கணக்கில் தேவைப்படலாம். நம் நாட்டில் அந்தக் கட்டம் வரை வருகிறவர்களே சொற்பம். நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் சிகிச்சையிலேயே இல்லை என்று தெரிந்தது. காசு இல்லை என்பதற்காக யாரும் நிற்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டாலும், ராத்திரியில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றாலும், டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம்.

எனக்கு ஒருமுறை தணிந்து மறுபடியும் வந்ததால் டாக்டர் நீண்ட காலம் தொடரச் சொல்லியிருக்கிறார். சித்திரைக்குப் பிறகு, மகள் கல்லூரியில் சேர்ந்து வீடு ஒரு நிலைக்கு வந்ததும், குறைத்துப் பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். 10இலிருந்து 5 வரை பிரச்சினை இல்லை, மாத்திரையின் நடுக்கோட்டில் உடைத்துவிடலாம். அதற்குக் கீழே பிளேடால் நறுக்கினால் துண்டுகள் ஒரே அளவாக வருவதில்லை. பாதி தூளாகிப் போகிறது. இதே மருந்து திரவமாகக் கிடைத்தால் மில்லிகிராம் மில்லிகிராமாக இறக்க முடியும். மதுரையில் உள்ள மொத்த வியாபாரிகளிடம் கேட்டு வைத்திருக்கிறேன். கிடைத்தால் எனக்கு மட்டும் வாங்கப் போவதில்லை. கடையிலும் நாலு பாட்டில் இருக்கட்டும்.